கேள்வி நேரமும் கரிசல் நிலமும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைச் சூழ்ந்து கிடக்கும் கரிசல் பூமியில் வாழ்வோர்க்கு வானமே கருவூலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை உரிய காலத்தில் பெய்தால் தை மாதத்தில் கம்பும் சோளமும் களத்துக்கு வரும். மாசி, பங்குனியில் பருத்தி வெடிக்கும். மழை பொய்த்தாலோ இரண்டும் இல்லை. காட்டில் பருத்தி குறைந்தால் சந்தையில் நூலின் விலை ஏறும். களத்தில் தானியம் குறைந்தால் நெசவாளி வீட்டு அடுப்பும் தாமதித்தே எரியும். ஆதலின் உழுபவரும் நெய்பவரும் வெவ்வேறு தொழிலராயினும், பஞ்சம் வரும்போது ஒரே திண்ணையில் வந்து அமர்கின்றனர். "இதற்கு யார் பதில் சொல்வது?" என்பதே அப்பொழுது இருவரும் கேட்கும் கேள்வியாகும்.

இந்தக் கேள்விக்கு நாட்டின் உயர்ந்த சபையிலே எழுந்து நின்று பதில் சொல்லவேண்டிய நிலை நம் தமிழ்நாட்டவர் ஒருவர்க்கு வாய்த்தது. 1964-ஆம் ஆண்டு முதல் 1967-ஆம் ஆண்டு வரை இந்திய சர்க்காரின் உணவு, விவசாய மந்திரியாக இருந்த திரு. சி. சுப்பிரமணியம் அவர்களே அவர். அந்த மூன்றாண்டுகளில் நாடு கண்ட நெருக்கடி, அதற்கு அவர் பார்லிமெண்டில் அளித்த விடை, அந்த விடையில் கரிசல் நிலத்துக்குக் கிடைத்த பங்கு ஆகியவற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் பதில் பெறுவது எவ்வாறு என்பதை அறிந்தவரே கேள்வியையும் செவ்வனே கேட்பர்.

பதில் சொல்லும் கடமை

மந்திரிசபை மக்கள் சபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று நமது அரசியல் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கூறுகிறது. இப்பொறுப்பு நாள்தோறும் நடைமுறையில் விளங்கும் இடம் கேள்வி நேரம். சபை கூடும் நாளில் காலை 11 மணிக்குத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டும். குறியில்லாத கேள்விக்கு எழுத்து மூலம் பதில் வரும். வாய்மொழிப் பதிலில் மனநிறைவு கொள்ளாத அங்கத்தினர் துணைக் கேள்விகள் கேட்கலாம். இத்துணைக் கேள்வியிலேதான் மந்திரியின் திறமும் நேர்மையும் வெளிப்படும். முதற் பதிலை இலாகா அதிகாரிகள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். துணைக் கேள்விக்கோ தாமே அறிந்து பேசவேண்டும்.

"ஆவன செய்யப்படும்", "பரிசீலனையில் இருக்கிறது" என்ற சொற்களை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். இத்தகைய வாக்குறுதிகள் காற்றோடு போய்விடாதபடி அவற்றைக் குறித்து வைத்து, நிறைவேறினவா என்று பார்ப்பதற்காகவே 1953-இல் மக்கள் சபையில் உறுதிமொழிகள் குழு ஒன்று நிறுவப்பட்டது. ஒரு மந்திரி சபையில் கொடுத்த வாக்கை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றவேண்டும்; இயலாதெனில் காரணம் கூறித் தவணை கேட்கவேண்டும் என்பது முறை.

கேள்வியின் வலிமைக்கு ஒரு சான்றும் இங்கே கூறத்தகும். 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பணம், ஒரு கோடி ரூபாய்க்கு மேல், முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்டது. அப்பணம் லட்சக்கணக்கான பாலிசிதாரர்களின் சேமிப்பாகும். இவ்விஷயத்தை ஆளும் கட்சியைச் சேர்ந்த அங்கத்தினரான திரு. பெரோஸ் காந்தியே சபையில் எழுப்பினார். கேள்வி விவாதமாயிற்று, விவாதம் பம்பாய்ப் பிரதம நீதிபதி சாக்ளாவின் பகிரங்க விசாரணையாயிற்று, 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி திரு. டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். ஒரு கேள்வியிலிருந்து புறப்பட்டு ஒரு மந்திரியின் ராஜினாமா வரை சென்ற நிகழ்ச்சி இது. பின்னர் அவர் மீண்டும் மந்திரிசபைக்கு வந்து 1963-இல் இரண்டாம் முறை நிதிப் பொறுப்பை ஏற்றார். நாம் சொல்லப்போகும் வரலாற்றிலும் அவர்க்கு இடம் உண்டு.

முள்முடியான பதவி

1964 மே 27-இல் பண்டித நேரு மறைந்தார். ஜூன் மாதத்தில் திரு. லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானார். நேருவின் மந்திரிசபையில் உருக்கு இலாகாவைக் கவனித்து வந்த திரு. சுப்பிரமணியத்திடம் உணவு, விவசாய இலாகா ஒப்படைக்கப்பட்டது. அந்த இலாகாவை விரும்பி ஏற்பவர் அக்காலத்தில் அரியர். உணவுப் பஞ்சத்தில் நல்ல பெயர் எடுத்த மந்திரி எவரும் இல்லை என்பது டில்லியில் வழங்கிய பேச்சு. பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் ஒரு விவசாயக் குடும்பத்திலே பிறந்து, சென்னை ராஜ்யத்தில் பத்தாண்டு காலம் நிதி, கல்வி இலாகாக்களை நடத்திய அனுபவம் அவர்க்குத் துணை நின்றது.

அவர் பதவியேற்ற முதல் ஆண்டு வானம் கருணை காட்டிற்று. 1964-65-இல் நாட்டின் உணவு தானிய விளைவு 8 கோடியே 94 லட்சம் டன். அதற்கு முன் அவ்வளவு விளைந்ததில்லை. மறு ஆண்டோ மழை அடியோடு ஏமாற்றிவிட்டது. 1965-66-இல் விளைவு 7 கோடியே 23 லட்சம் டன்னாகச் சரிந்தது. ஒரே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நாட்டின் களம் காலியாயிற்று. அடுத்த ஆண்டும் 7 கோடியே 42 லட்சம் டன்னுக்கு மேல் ஏறவில்லை. பீஹாரில் பஞ்சம் தலைவிரித்தாடிற்று.

துன்பம் தனியே வரவில்லை. 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம் மூண்டது. அமெரிக்கா உதவிகளை நிறுத்தி வைத்தது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 1966 ஜனவரி 11-இல் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். திருமதி இந்திரா காந்தி பிரதமரானார். 1966 ஜூன் 6-இல் ரூபாயின் நாணய மதிப்பு குறைக்கப்பட்டது. அதுவரை ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. அன்று முதல் 7 ரூபாய் 50 காசு. வெளிநாட்டிலிருந்து நூறு ரூபாய்க்கு வந்த பண்டத்துக்கு ஏறத்தாழ நூற்று ஐம்பத்தேழு ரூபாய் கொடுக்க நேர்ந்தது. உரம், சாயம், நீண்ட இழைப் பஞ்சு ஆகியன யாவும் கப்பலில் வந்தவையே. உழவரும் நெசவாளரும் இதன் சுமையை உடனே உணர்ந்தனர்.

இத்தகைய காலத்தில்தான் உணவு மந்திரி சபையில் எழுந்து நின்றார். அவர்முன் இருந்த கேள்விகளை மூன்றாகப் பிரித்துக் காணலாம்.

முதற் கேள்வி: நாளைக்குச் சோறு எங்கே?

அமெரிக்காவில் 1954-இல் நிறைவேறிய பொதுச் சட்டம் 480-இன் கீழ், 1956 முதல் நம் நாட்டுக்குக் கோதுமை வந்துகொண்டிருந்தது. அதன் விலையை டாலரில் கொடுக்கவேண்டியதில்லை, ரூபாயில் கொடுத்தால் போதும். இது வசதியாகத் தோன்றியது, வசதியே பழக்கமாயிற்று. 1966-ஆம் ஆண்டில் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதியாயிற்று. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றால்தான் நகரங்களில் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலை.

அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு இணங்காமல், மாதக் கணக்கில் சிறிது சிறிதாகவே தானியத்தை அனுப்பச் செய்தார். கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நிற்பதைப் போன்றது இது. "ஏன் அந்நியரிடம் கையேந்துகிறீர்கள்?" என்று இடதுசாரி அங்கத்தினரும் பிறரும் சபையில் இடித்துரைத்தனர். தானியத்தை வரவழைக்காவிடில் பட்டினிச் சாவு. வரவழைத்தால் தன்மானக் குறைவு. உணவு மந்திரியின் நிலை இருபுறமும் கூரிய வாளின்மீது நடப்பதாயிருந்தது. திங்கட்கிழமை மாலைதோறும் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு சாஸ்திரி நாட்டு மக்களை வேண்டிக்கொண்டதும் அக்காலத்திலேதான்.

இறக்குமதி என்பது இடைக்காலத்துக்குரியது. நிலையான பரிகாரம் நம் வயலிலேயே இருக்கிறது என்பதே திரு. சுப்பிரமணியம் எடுத்துக்கொண்ட நிலை. ஆனால் இதைச் சொல்வது எளிது. வயலில் எவ்வாறு விளைவிப்பது என்ற அடுத்த கேள்வி காத்திருந்தது.

இரண்டாம் கேள்வி: எவ்வாறு விளைவிப்பது?

1965 டிசம்பரில் மந்திரி தமது புதிய விவசாயத் திட்டத்தைப் பார்லிமெண்டின் முன் வைத்தார். நல்ல நீர்வசதியுள்ள இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே உயர் விளைச்சல் தரும் விதை, ரசாயன உரம், பூச்சிமருந்து, கடன் ஆகிய நான்கையும் ஒருங்கே கொடுப்பது இதன் சாரம். மெக்ஸிகோ நாட்டில் டாக்டர் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை ரகங்களை டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் முதலிய விஞ்ஞானிகள் இந்நாட்டு வயல்களில் சோதித்து நல்ல பயன் கண்டிருந்தனர். நெடிய பழைய ரகங்கள் உரம் மிகுந்தால் கதிர்ப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டை ரகம் சாயாது. இட்ட உரம் முழுதும் மணியாகும்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. அந்நிய நாட்டு விதை நம் மண்ணில் நோயைக் கொணருமென்று சிலர் அஞ்சினர். உரத்துக்காக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு இடம் கொடுப்பது தவறென்று இடதுசாரிகள் வாதித்தனர். நீரும் பொருளும் உள்ளவனுக்கே மேலும் கொடுப்பதால் ஏழை விவசாயி பின்தங்குவான் என்பது பொருளாதார அறிஞர் சிலர் எழுப்பிய ஆட்சேபம். மந்திரிசபைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. உர இறக்குமதிக்கு அந்நியச் செலாவணியை வாரி வழங்க இயலாதென்று தயங்கியவர் நிதி மந்திரி திரு. டி. டி. கிருஷ்ணமாச்சாரி. 1965-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவர் வேறு காரணங்களால் பதவியை விட்டு நீங்கினார்.

சொல்லால் மட்டும் விடையளிக்க முடியாத கேள்விகள் இவை. ஆகவே மந்திரி செய்து காட்ட முற்பட்டார். விவசாயிகளின் சொந்த நிலங்களில் செய்முறை விளக்கத் திடல்கள் பல அமைக்கப்பட்டன. டில்லியில் தமது சர்க்கார் இல்லத்தின் புல்தரையை உழுது, அங்கேயும் புதிய கோதுமையை விதைத்தார். 1966-இல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்ஸிகோவிலிருந்து வரவழைக்கப்பட்டது. விதைக்காக இத்தனை பெரிய அளவில் ஒரு நாடு தானியம் வாங்கியது அதுவரை கேட்டறியாத செய்தி.

1967-68-இல் மழையும் துணை செய்தது. உணவு தானிய விளைவு 9 கோடியே 50 லட்சம் டன் ஆயிற்று. கோதுமை மட்டும் 1964-65-இல் இருந்த 1 கோடியே 23 லட்சம் டன்னிலிருந்து 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது. 1968-இல் சர்க்கார் கோதுமைப் புரட்சிக்கெனத் தபால் தலை வெளியிட்டது. அவ்வேளையில் திரு. சுப்பிரமணியம் மந்திரியாக இல்லை. 1967 பொதுத் தேர்தலில் கோபிசெட்டிபாளையம் தொகுதியில் அவர் தோற்றுவிட்டார். அரிசிப் பஞ்சமும் மொழிப் போராட்டமும் தமிழ்நாட்டில் ஆளும் கட்சியை வீழ்த்தின. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்கு மக்கள் மனத்தைக் கவர்ந்திருந்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர் என்பது அரசியலிலும் உண்டு.

மூன்றாம் கேள்வி: விலை யார் பக்கம்?

நம் பத்திரிகையின் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டிய கேள்வி இதுவே. தானியத்தின் விலை ஏறினால் விளைவித்தவர்க்கு லாபம், நெசவாளர்க்குக் கஷ்டம். விலை இறங்கினால் நெசவாளர் மூச்சு விடுவர், விவசாயி கடனாளியாவார். பருத்தியிலும் இதே வழக்குத்தான். கரிசல் காட்டுப் பருத்திக்கு விலை கூடினால் தறிகாரர் வாங்கும் நூற்கட்டுக்கும் விலை கூடும். ஒரே சங்கத்து அங்கத்தினர் இருவர்க்கும் ஒருசேர நியாயம் வழங்குவது எங்ஙனம்?

பல ஆண்டுகளாக சர்க்கார் இக்கேள்வியை இறக்குமதிக் கோதுமையைக் கொண்டு சமாளித்து வந்தது. மலிவான கப்பல் தானியம் நகர மக்களின் பசியைத் தீர்த்தது உண்மை. அதே தானியம் உள்நாட்டு விலையை அமுக்கி, விவசாயிக்கு அதிகம் விளைவிக்கும் ஊக்கத்தைக் குறைத்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி பொய்யாகவேண்டுமானால் விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை முன்கூட்டியே தெரியவேண்டும் என்று திரு. சுப்பிரமணியம் வற்புறுத்தினார்.

இதற்கு விடையாக 1965-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு ஸ்தாபனங்கள் எழுந்தன. ஒன்று, விவசாய விலைக் கமிஷன். பேராசிரியர் தந்த்வாலா அதன் முதல் தலைவர். சாகுபடிச் செலவைக் கணக்கிட்டு, விளைபொருளுக்கு ஆதார விலை இன்னதென்று சிபாரிசு செய்வது அதன் வேலை. மற்றொன்று, இந்திய உணவுக் கார்ப்பரேஷன். 1965 ஜனவரி 14-இல், பொங்கலையொட்டி, அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் தொடங்கியது. தலைமை அலுவலகமும் முதலில் சென்னையிலேயே இருந்தது. விளைச்சல் மிகுந்து விலை சரியும்போது ஆதார விலைக்கு வாங்கிக் கிடங்கில் சேர்ப்பதும், தட்டுப்பாடு வரும்போது நியாய விலைக் கடைகளுக்கு அனுப்புவதும் அதன் பொறுப்பு. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை சர்க்கார் ஏற்றுக்கொள்ளும். இவ்வாறு விவசாயியின் நியாயமும் வாங்கித் தின்பவரின் நியாயமும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன.

அதே 1965-இல் தேசியப் பால்பண்ணை வளர்ச்சி வாரியமும் உருவாயிற்று. குஜராத்தின் ஆனந்த் நகரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு கண்ட வெற்றியை நாடெங்கும் பரப்புவது அதன் நோக்கம். கூட்டுறவாளராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது இது. விலைக்கும் விற்பனைக்கும் இடையே நிற்கும் தரகரை விலக்க வல்லது உற்பத்தியாளரின் சொந்தச் சங்கமே என்பதை அந்த நெருக்கடிக் காலத்திலேயே நாடு ஏற்றுக்கொண்டது.

சபைக்கு வராத விவரம்

புகழ்வது மட்டும் நம் நோக்கமன்று. 1965 நவம்பரில் ரோமாபுரியில் உலக உணவு, விவசாய ஸ்தாபனத்தின் மாநாடு நடந்தபோது, திரு. சுப்பிரமணியமும் அமெரிக்க விவசாய மந்திரி ஆர்வில் பிரீமனும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். விவசாயத்துக்குக் கூடுதலான முதலீடு, உர உற்பத்தியில் தனியார்க்கு இடம் முதலிய விஷயங்களில் இந்தியா செய்யவேண்டியவை அதில் வகுக்கப்பட்டிருந்தன. அவ்வுடன்படிக்கை அப்பொழுது பகிரங்கப்படுத்தப்படவில்லை. சில நாட்களில் டிசம்பர் மாதத் திட்டம் இந்தியாவின் சொந்தக் கொள்கையாகவே சபையில் அறிவிக்கப்பட்டது.

திட்டம் மந்திரியின் மனத்தில் முன்பே உருவானது. அமெரிக்கர் கட்டளையால் பிறந்ததன்று என்று அவர் பக்கத்தில் வாதிக்க இடமுண்டு. உடன்படிக்கை வெளிவந்திருந்தால் எதிர்ப்பின் வேகத்தில் திட்டமே மூழ்கியிருக்கும் என்றும் சொல்லலாம். ஆயினும், நாட்டின் பெயரால் கொடுத்த வாக்கை நாட்டின் சபை அறியாமலிருந்தது முறையாகுமா? நன்மை செய்யும் நோக்கத்தோடு மறைத்ததும் மறைத்ததே. கணக்கை மறைத்த காரியதரிசி, "சங்கத்தின் நன்மைக்கே" என்று சொன்னால் நாம் ஒப்புவோமா? பதிலின் தரம் அதில் என்ன சொல்லப்பட்டது என்பதோடு, எது சொல்லாமல் விடப்பட்டது என்பதையும் பொறுத்ததாகும்.

கரிசல் நிலத்தின் கேள்வி

இனி நம் பூமிக்கு வருவோம். புதிய திட்டம் நீர்வசதியுள்ள இடங்களை நாடிச் சென்றது. 1960-களின் நடுவில் நாட்டின் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கே பாசனம் இருந்தது. பஞ்சாபின் கால்வாய் நிலமும், காவிரி பாயும் தஞ்சையும் முதலிடம் பெற்றன. தஞ்சை 1960-இலேயே தீவிர சாகுபடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டம். ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் அங்கே விரைந்து பரவிற்று. அப்பொழுது திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த கோவில்பட்டிப் பகுதிக்கு இதில் என்ன கிடைத்தது?

புஞ்சைத் தானியங்களை விஞ்ஞானிகள் மறந்துவிடவில்லை. 1964-இல் வீரிய ஒட்டுச் சோளமும், 1965-இல் வீரிய ஒட்டுக் கம்பும் வெளிவந்தன. ஆனால் ஒட்டு விதையை ஆண்டுதோறும் புதிதாக வாங்கவேண்டும்; உரம் இடவேண்டும்; இட்ட உரம் பயன்படக் காலத்தில் மழை வேண்டும். மழை தவறினால் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் ஒட்டுக் கம்பைத் தாக்கிப் பெருநஷ்டம் விளைவித்தது. ஆதார விலையிலும் பேதம் இருந்தது. கம்புக்கும் சோளத்துக்கும் விலை அறிவிக்கப்பட்டது உண்மையே. உணவுக் கார்ப்பரேஷனின் கிடங்குகளோ பெரும்பாலும் நெல்லையும் கோதுமையையுமே வாங்கி நிரப்பின. வாங்குவாரின்றி அறிவிக்கப்படும் விலை, தாளில் எழுதிய சர்க்கரை போன்றது. குதிரைவாலி, வரகு போன்ற சிறுதானியங்களுக்கு அந்த அறிவிப்பும் இல்லை. நியாய விலைக் கடையில் அரிசி மலிவாகக் கிடைக்கவே, கரிசல் வீடுகளிலும் கம்மஞ்சோறு அருகிப்போயிற்று. நெசவாளர்க்கு அது நன்மை. கம்பு விளைவித்தவர்க்குச் சந்தை போயிற்று.

பருத்திக்கு அரசு வாங்கும் ஏற்பாடு ஐந்தாண்டு கழித்தே வந்தது. 1970-இல் இந்தியப் பருத்திக் கார்ப்பரேஷன் தோன்றியது. கரிசலுக்கென்று உரிய ஆராய்ச்சியும் அதே காலத்தில்தான் வலுப்பெற்றது. 1901-ஆம் ஆண்டிலிருந்தே கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. கருங்கண்ணிப் பருத்தியிலும் புஞ்சைத் தானியங்களிலும் "கே" என்ற எழுத்தைத் தாங்கிய ரகங்கள் பல அங்கிருந்து வந்தவையே. 1970-இல் தொடங்கிய அகில இந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தில் அதுவும் ஒரு மையமாயிற்று. கோடை உழவு, பருவமழைக்கு முன்னரே விதைத்தல், விதையைக் கடினப்படுத்துதல், பண்ணைக் குட்டையில் நீர் சேர்த்தல் என்று கரிசலுக்கேற்ற முறைகள் வகுக்கப்பட்டன. மழை நீர் ஒரு சொட்டும் வீணாகாமல் காப்பதே இவை எல்லாவற்றின் அடிப்படை.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அறுபதாண்டுகளுக்கு முன் பின்னுக்குத் தள்ளப்பட்ட தானியங்களின் அருமையை உலகம் மீண்டும் பேசத் தலைப்பட்டது. அன்று பாசன நிலத்தை முதலில் தேர்ந்தெடுத்தது தவறென்று சொல்லிவிட முடியாது. பசி அவசரமாக இருந்தது, விரைவில் விளையும் இடத்திலேதான் விதைக்கவேண்டியிருந்தது. அடுத்த படியாகப் புஞ்சை நிலத்துக்கு என்ன என்ற துணைக் கேள்வியை ஓயாமல் கேட்டிருக்கவேண்டும். கேட்கும் குரல் குறைந்த இடத்துக்குப் பதிலும் தாமதமாகவே வரும்.

கேளாமல் எடுத்த முடிவு

நெருக்கடி நேரத்தில் கேள்விக்கு இடமேது, துரிதமாக முடிவெடுப்பதே முக்கியம் என்று கூறுவோர் உண்டு. நம் அண்டை நாட்டின் அனுபவம் வேறு பாடம் புகட்டுகிறது. இலங்கையில் 2021-ஆம் ஆண்டு ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரெனத் தடை விதிக்கப்பட்டது. விவசாயிகளைக் கலந்துகொள்ளாமல், மாற்று ஏற்பாடு செய்யாமல் எடுத்த முடிவு அது. நெல்லும் தேயிலையும் பெரும் வீழ்ச்சி கண்டன. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. அந்நியச் செலாவணி வற்றி 2022-இல் நாடு பெரும் நெருக்கடியில் ஆழ்ந்தபின், பொருளாதாரம் முற்றிலும் சரிந்துவிட்டதென்று பிரதமர் ரணில் விக்கிரமசிங்க அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பார்லிமெண்டிலேயே ஒப்புக்கொண்டார். முன்னரே கேட்டுப் பதில் பெறவேண்டிய கேள்விகளுக்கு, எல்லாம் முடிந்தபின் கிடைத்த பதில் அது.

நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில் கூடிய பார்லிமெண்டுக் கூட்டத் தொடரில், தொற்றுநோயைக் காரணங்காட்டிக் கேள்வி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டது. எழுத்து மூலப் பதில்கள் மட்டும் வந்தன. துணைக் கேள்விக்கு அங்கே வழியில்லை. விவசாய விற்பனை பற்றிய மூன்று சட்டங்கள் அதே கூட்டத் தொடரில் நிறைவேறின. பெருங்கிளர்ச்சிக்குப் பின் 2021-இன் இறுதியில் அவை திரும்பப் பெறப்பட்டன. சட்டங்களின் நன்மை தீமையைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. கேள்வி கேட்டுத் தெளியவேண்டிய காலத்தில் அதற்குரிய நேரம் இல்லாமற் போனதைப் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை.

நமது மகாசபையிலே

பார்லிமெண்டின் கேள்வி நேரத்துக்கு நிகரானது நம் சங்கத்தின் மகாசபைக் கூட்டம். அங்கே தலைவரும் நிர்வாகக் குழுவினரும் மந்திரிகள்; அங்கத்தினர் ஒவ்வொருவரும் கேட்கும் உரிமை பெற்றவர். நூல் எந்த விலைக்கு, எவரிடம் வாங்கப்பட்டது? நெய்த சேலைகளில் எத்தனை தேங்கிக் கிடக்கின்றன? ரிபேட் பாக்கி எவ்வளவு வரவேண்டியிருக்கிறது? பருத்தியைச் சங்கத்தின் மூலம் விற்றவருக்குப் பணம் எத்தனை நாளில் கிடைத்தது? பயிர்க் கடன் மானாவாரி நிலத்துக்கும் உரிய காலத்தில் கொடுக்கப்பட்டதா? இவை யாவும் கேட்கத்தக்க கேள்விகளே.

கேட்பவர்க்கும் சில கடமைகள் உண்டு. தணிக்கை அறிக்கையைப் படித்துவிட்டு வரவேண்டும். வசை வேறு, கேள்வி வேறு என்பதை உணரவேண்டும். "பார்க்கலாம்" என்ற பதில் கிடைத்தால், எந்தத் தேதிக்குள் என்று துணைக் கேள்வி கேட்டு, அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் செய்யவேண்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும். உறுதிமொழிகள் குழு டில்லியில் செய்யும் பணியை நாமே நம் ஊரில் செய்துகொள்ள எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

பதில் சொல்பவர்க்கு உரிய பாடத்தைத் திரு. சுப்பிரமணியத்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கசப்பான எண்ணை மறைக்காமல் சொல்லவேண்டும். சொல்லால் நம்பாதவர்க்குச் செய்து காட்டவேண்டும். உழுபவரின் விலையையும் உண்பவரின் விலையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கவேண்டும். அவர் சபையில் வைக்காமற்போன உடன்படிக்கையிலிருந்தும் ஒரு பாடம் உண்டு: பொதுப் பெயரால் இட்ட கையொப்பம் எதுவும் பொதுச் சபைக்குத் தெரிந்தாகவேண்டும். இந்திய சர்க்கார் 1998-இல் அவர்க்குப் பாரத ரத்தினம் என்னும் உயர்ந்த விருதை அளித்தது. 2000-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். தேர்தலில் மக்கள் அளித்த தோல்வியும், பின்னர் நாடு அளித்த விருதும் ஒரே மனிதரின் பணிக்குக் கிடைத்த இரு தீர்ப்புகள்.

மழை வருவதும் வராததும் நம் கையில் இல்லை. வராத ஆண்டில் எவர் என்ன செய்தார் என்று கேட்பது நம் கையில் இருக்கிறது. கரிசல் நிலம் ஒரு மழையின் ஈரத்தைப் பல வாரங்கள் மண்ணுக்குள் காத்து வைத்துப் பயிரைக் காப்பாற்றுகிறது. அவ்வாறே, சபையில் பெற்ற ஒரு பதிலை மறவாமல் காத்து வைத்து, உரிய காலத்தில் அதை நிறைவேற்றச் செய்யும் நினைவாற்றல் நம் அங்கத்தினர்க்கு இருக்குமாயின், எந்த நெருக்கடியிலும் நம் சங்கங்கள் தளரமாட்டா. அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு அறிவிப்பு வரும்போது, நெசவாளரும் விவசாயிகளும் தவறாமல் வந்து, தத்தம் கேள்வியைக் கையில் எழுதிக்கொண்டு அமர்வார்களாக.